கிளி இருந்த தோள்

நெல்லியம்பட்டணத்து அருங்காட்சியகத்துக்குப் போன எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் திருவேங்கடம் சாரின் கைதட்டலைக் கேட்காமல் வீடு திரும்பியதில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்பார். பொருளின் பெயர், வயது, உயரம், கிடைத்த ஊர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்வார். சொல்லி முடித்ததும் இரண்டு தட்டு. வரிசை அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட வேண்டும்.

அறுபது பிள்ளைகளைக் கற்கால மண்டபத்தில் நுழைத்து, ஒரே பாடவேளைக்குள் நாணய மண்டபம் வழியாக வெளியே கொண்டுவருவதென்றால் சும்மாவா? அந்தச் சாமர்த்தியம் மாவட்டத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே.

அவர் அங்கே சேர்ந்தது கற்றுக்கொள்ளத்தான். நெடுநாள் அரசுப் பள்ளியில் சரித்திரம் நடத்தியவர். அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் பூங்கோதையைப் பற்றி வாத்தியார்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. அந்த அம்மாவோடு ஒரு மண்டபம் சுற்றிய பிள்ளை, வளர்ந்து பெரிய ஆளாகி, பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டாலும் தான் பார்த்த ஒரு பானையைப் பற்றி நின்று பேசும் என்பார்கள். அந்த வித்தையைக் கற்றுக்கொண்டே தீருவது என்று அலைந்து திரிந்து, பள்ளிகளுக்கான வழிகாட்டியாக இங்கே மாற்றல் வாங்கி வந்தார் வேங்கடம் சார். பூங்கோதை அவரைவிட ஏழெட்டு வயது இளையவர். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயசைப் பார்த்தால் ஆகுமா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் பூங்கோதை ஒரு பாடமும் சொல்லித் தரவில்லை. வந்த அன்றைக்கு உலோகச் சிற்ப மண்டபத்தின் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, “பாருங்க” என்றார். அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? பார்த்துக்கொள்ளுங்கள் என்று எடுத்துக்கொண்டார் வேங்கடம் சார். பொறுப்பாகப் பூட்டினார், பொறுப்பாகத் திறந்தார். பெட்டிகளின் அடியில் இருந்த விவரப் பலகைகளை ஒன்று விடாமல் மனப்பாடம் செய்தார்.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு சாயங்காலம் மண்டபங்களை மூடிவிட்டு, காப்பாட்சியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மனசு தாங்கவில்லை. கேட்டேவிட்டார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். இந்தப் பிள்ளைகளைப் பார்க்க வைக்கிறது எப்படி?”

பூங்கோதை தேநீரை ஊதினார்.

அது வேங்கடம் சாருக்குத் தோதாகப் போயிற்று. பொருமித் தீர்த்தார். சுற்றுலா வந்த நினைப்பில் வருகிறார்கள், கண்ணெல்லாம் தின்பண்டப் பையில்தான், தொண்டை வறளக் கத்தினாலும் ஒரு விவரம் மண்டையில் ஏறுவதில்லை என்றார். நூற்றில் ஒன்று நின்று பார்க்கும். அதுவும் கோணக் கேள்வி கேட்கத்தான் நிற்கும் என்றார். போன மாதம் பெண்கள் பள்ளியிலிருந்து வந்த ஒருத்தி, தோளில் கிளியோடு நிற்கும் பாவை விளக்கின் பெட்டி முன்னால் ஆணியடித்த மாதிரி நின்றுகொண்டு, கிளி மட்டும் ஏன் சார் பச்சையாக இருக்கிறது என்று கேட்டாளாம். கிளி பச்சையாகத்தானம்மா இருக்கும் என்று இவர் சொன்னாராம். வரிசை முழுக்க விழுந்து விழுந்து சிரித்ததாம். அதைச் சொல்லும்போது இவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

பூங்கோதை சிரிக்கவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன மேடம். கை தட்டினேன். நகர்ந்துட்டா.”

பூங்கோதை தம்ளரைக் கீழே வைத்தார்.

“உங்க கேள்விக்கு நாளைக்குச் சொல்றேன்” என்றார்.

அப்பாடா, ஒருவழியாக வாயைத் திறக்கப்போகிறார் என்று வேங்கடம் சார் சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனார். மறுநாள் அந்தப் பெண்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மறுபடியும் வருவதாக இருந்தது. மாதம் ஒருமுறை வருகிறவர்கள். மேடம் சொல்லித் தருவதை அவர்களிடமே பரீட்சை செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் அருங்காட்சியகத்துக்கு வந்தவர் கற்கால மண்டபத்தைத் திறந்தார், ஓலைச்சுவடி மண்டபத்தைத் திறந்தார், உலோகச் சிற்ப மண்டபத்தைத் திறந்து விளக்கைப் போட்டார். மூலையில் இருந்த பெட்டியைக் கடந்து நாலடி போனவர் திரும்பி வந்தார்.

பாவை விளக்கு இல்லை.

பெட்டி இருந்தது. அதன் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விரித்திருந்த சிவப்பு வெல்வெட் துணி இருந்தது. துணியின் மேல் ஒன்றும் இல்லை.

பூட்டை இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை. உடைத்து எடுத்திருந்தால்கூட ஒரு நியாயம் சொல்லலாம். பூட்டு பூட்டின மாதிரியே இருக்கிறது, பொருளைக் காணோம் என்றால் சாவியால்தான் திறந்திருக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு இரண்டே சாவி. ஒன்று காப்பாட்சியரின் இரும்புப் பெட்டிக்குள், அரக்கு முத்திரை வைத்த உறையில் கிடந்தது. வேங்கடம் சார் வந்த நாளிலிருந்து அந்த முத்திரையை யாரும் உடைத்துப் பார்த்ததில்லை. இன்னொன்று இதோ, அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

போலீஸ் வந்தால் முதலில் யாரைப் பிடிக்கும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இத்தனை வருஷமாக வாத்தியார் என்றால் எழுந்து நின்ற ஊர், இனி சிலை திருடின வாத்தியார் என்று சொல்லும். பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு மண்டபத்தைப் பூட்டக்கூடத் தோன்றாமல் காப்பாட்சியர் அறைக்கு ஓடினார்.

பூங்கோதை அப்போதுதான் வந்து கைப்பையை வைத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், பாவை விளக்கைக் காணோம்.”

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். அதற்குள் வேங்கடம் சார் தொலைபேசியை எடுத்துவிட்டார். தான் சாவியைக் கையை விட்டு இறக்கவே இல்லை, தூங்கும்போதும் தலைமாட்டில்தான் இருந்தது, உடனே போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும், தாமதித்தால் தன்மேல் சந்தேகம் இன்னும் கெட்டிப்படும் என்று கொட்டித் தீர்த்தார்.

பூங்கோதை தொலைபேசியின் மேல் கை வைத்தார்.

“சொல்லலாம். என்ன காணோம்னு சொல்வீங்க?”

“பாவை விளக்கு.”

“எப்படி இருக்கும்னு கேட்பாங்களே.”

வேங்கடம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். வெண்கலம். பதினேழாம் நூற்றாண்டு. உயரம் நாற்பத்தொரு சென்டிமீட்டர். ஆற்றங்கரைக் கோயில் ஒன்றின் மடைப்பள்ளிச் சுவரில் கிடைத்தது. இரு கைகளிலும் அகல் ஏந்திய பெண், தோளில் கிளியுடன். நடுங்கிக்கொண்டே சொன்னாலும் ஒரு எழுத்து பிசகவில்லை.

“அது பலகையில எழுதியிருக்கு. பலகை அங்கேயேதான் இருக்கு” என்றார் பூங்கோதை. “காணாமப் போனது எப்படி இருக்கும்?”

அவர் மறுபடியும் வெண்கலம் என்று ஆரம்பித்தார்.

“கிளி எந்தத் தோள்ல?”

வேங்கடம் சார் கண்ணை மூடினார். தினமும் அதன் முன்னால்தானே நிற்கிறார்? வலது என்று வாயெடுத்தார். இல்லை, இடதோ? கண்ணுக்குள் பலகையின் எழுத்துதான் வந்தது. தோளில் கிளியுடன். எந்தத் தோள் என்று பலகை எழுதியவன் எழுதவில்லை.

“பதிவேட்டில போட்டோ இருக்கும் மேடம்” என்றார்.

“இருக்கு. அதை எடுத்தவர் பார்த்திருக்கார். நான் உங்களைக் கேட்கறேன். கொண்டையா, பின்னலா? நின்னுக்கிட்டிருக்காளா, ஒரு கால் முன்னால வச்சிருக்காளா?”

வெளியே வாசலில் பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்ட இரைச்சல் கேட்டது. இந்த நேரத்தில் இது வேறா என்று அவருக்கு எரிச்சல் பொங்கியது. அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று புறப்பட்டார்.

“வேண்டாம். உள்ளே கூட்டிட்டு வாங்க.”

“எதைக் காட்டறது மேடம்? அங்கே ஒண்ணுமே இல்லையே.”

“அந்தப் பெட்டியைக் காட்டுங்க. பொம்மையைக் காணோம்னு உள்ளதைச் சொல்லுங்க. எப்படி இருந்துச்சுன்னு உங்களால சொல்ல முடிஞ்சதும் வந்து போன் பண்ணலாம்.”

இதென்ன பிடிவாதம், தலை போகிற காரியத்தில் வகுப்பு எடுக்கச் சொல்கிறாரே என்று அவர் மனம் கொதித்தது. ஆனால் மறுத்துப் பேச அவரிடம் என்ன இருந்தது? பொம்மையின் தோள்கூடத் தெரியவில்லை.

பெண்களைக் கூட்டி வந்த ஜெசிந்தா டீச்சரிடம் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். டீச்சரின் முகம் மாறிவிட்டது. போன மாதமும் இந்தப் பிள்ளைகள்தான் வந்தார்கள், இன்றைக்கும் இவர்களைத்தான் உள்ளே அழைக்கிறீர்கள், நாளைக்கு இவர்கள் பையைச் சோதிக்க வேண்டும் என்று யாராவது கிளம்பினால் நான் பெற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். காப்பாட்சியர் பின்னாலேயே வந்து, அப்படி ஒன்றும் நடக்காது, அது என் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் டீச்சர் பிள்ளைகளை உள்ளே விட்டார்.

வழக்கமான வரிசை இன்றைக்கு நிற்கவில்லை. காலிப் பெட்டி என்றதும் பெண்கள் நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். வேங்கடம் சாருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பாவை விளக்கு இங்கே இருந்தது, இப்போது இல்லை, போன மாதம் நீங்கள் பார்த்ததுதான், எப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார். அவர் குரல் அவருக்கே வேறு யாருடைய குரலோ என்று இருந்தது.

அனுசூயா என்று ஒருத்தி, வகுப்பில் வாயாடி என்று பெயர் எடுத்தவள், கண்ணாடியில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தாள். துணி முழுக்க வெளுத்துவிட்டது, நடுவில் மட்டும் வட்டமாகச் சிவப்பு மாறாமல் இருக்கிறது, அப்படியானால் அடிப்பீடம் வட்டம் என்றாள். இன்னொருத்தி, அந்த வட்டத்தின் முன்பக்கம் அதிகமாக அமுங்கியிருக்கிறது பாருங்கள் என்றாள். அகல் விளக்கை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள் அல்லவா, பாரம் முன்னால் விழுந்திருக்கும் என்று மூன்றாமவள் சொன்னாள். கூட்டம் இன்னும் நெருங்கியது.

வேங்கடம் சாரும் குனிந்து பார்த்தார். வட்டம் இருந்தது. முன்பக்கம் அமுங்கியும் இருந்தது. காலையில் இதே இடத்தில் நின்று இதே துணியைத்தான் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றல்லவா தெரிந்தது?

“கிளி?” என்றார். “கிளி எந்தத் தோள்ல?”

வலது என்றார்கள் பாதிப் பேர். இடது என்றார்கள் மீதிப் பேர். ஆளாளுக்குச் சண்டை. வேங்கடம் சார் சட்டென்று நிமிர்ந்தார்.

“போன மாசம் கிளியைப் பத்தி ஒரு பொண்ணு கேட்டாளே. அவ எங்கே?”

சத்தம் நின்றது. எல்லாப் பெண்களும் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். மண்டபத்தின் வாசல் ஓரமாக, எல்லாருக்கும் கடைசியில், உள்ளே வருவதா வேண்டாமா என்று ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அத்தனை பேர் சிரித்ததற்கு அப்புறம் எவளுக்குத்தான் முன்னால் வரத் தோன்றும்?

ஜெசிந்தா டீச்சர் முபீனா என்று கூப்பிட்டார். அவள் வந்தாள். கண் கலங்கிவிட்டது. வேங்கடம் சார் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“நான் தொடவே இல்லை சார்.”

அவருக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து தன்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்று தான் நடுங்கிய நடுக்கம் அப்படியே இந்தப் பிள்ளையின் விரலில் இருந்தது. அதை அவர் நன்றாகவே அடையாளம் கண்டுகொண்டார்.

“இல்லம்மா. உன்னை ஒண்ணும் சொல்லலை” என்றார். “எனக்குத் தெரியலை. அதான் உன்னைக் கேட்கறேன். கிளி எந்தத் தோள்ல இருந்துச்சு?”

முபீனா டீச்சரைப் பார்த்தாள். காப்பாட்சியரைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்கு நேரே வந்து நின்று, காலி இடத்தையே பார்த்தபடி கையைத் தூக்கினாள்.

“நமக்கு வலது பக்கம் சார். அவளுக்கு இடது.”

யாரும் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் அவளாகவே சொல்லிக்கொண்டு போனாள். கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். இடது கால் விரலில் மெட்டி இருக்கும், வலதில் இருக்காது. கிளிக்கு மூக்கு நுனி உடைந்திருக்கும். அந்தக் கிளி அவள் காதில் ஏதோ சொல்லும், அவள் தலையைச் சாய்த்துக் கேட்பாள். பொம்மை முழுக்கக் காப்பிக் கலரில் இருக்கும். கிளி மட்டும் பச்சை. அதுவும் முழுக்கப் பச்சை இல்லை, சிறகுக்கு அடியில் மட்டும், மாவு தூவின மாதிரி.

“கிளி பச்சையாத்தான் இருக்கும்னு எனக்கும் தெரியும் சார்” என்றாள் முபீனா. “ஆனா இது அந்தப் பச்சை இல்லை.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வேங்கடம் சார் தரையைப் பார்த்தார்.

இனி போலீசுக்குச் சொல்லலாம். அடையாளம் எல்லாம் கிடைத்துவிட்டது. அவர் காப்பாட்சியர் பக்கம் திரும்பினார். பூங்கோதை அசையவில்லை. இன்னும் இருக்கிறது என்பதுபோல் பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

“சார், இது என்ன சார்?” என்றாள் அனுசூயா. பெட்டியின் உள் மூலையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதில் நீல நிறத்தில் கல்கல்லாக ஏதோ. வேங்கடம் சார் அதை இப்போதுதான் பார்க்கிறார். நேற்றுவரை அது அங்கே இல்லை. இல்லை என்று சத்தியம் செய்வாரா? அதுவும் முடியாது. இல்லை என்றுதான் நினைக்கிறேன் என்றார்.

புதுச் செருப்பு வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு பொட்டலம் இருக்குமே, ஈரம் பிடிக்காமல் இருக்கப் போடுவார்களே, அதுமாதிரிதான் இதுவும் என்று ஒருத்தி சொன்னாள். அனுசூயா அதற்குள் அடுத்த பெட்டியின் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே உள்பக்கம் மங்கலாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது, இந்தப் பெட்டியில் உள்பக்கம் பளிச்சென்று துடைத்திருக்கிறது என்றாள்.

“திருடன் உள்ளே கண்ணாடியைத் துடைச்சு வச்சுட்டா போவான்?”

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. வேங்கடம் சாருக்கு எதையோ பிடித்துவிட்ட மாதிரியும் இருந்தது, பிடிபடாத மாதிரியும் இருந்தது. அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. முபீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எடுத்தவங்க திரும்ப வைக்கப்போறாங்க சார்” என்றாள் முபீனா மெதுவாக. “அதான் இடத்தைச் சுத்தம் பண்ணி வச்சிருக்காங்க.”

எல்லாரும் ஒரே நேரத்தில் காப்பாட்சியரைப் பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்தவர் வேங்கடம் சார்தான்.

பூங்கோதை புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். “வாங்க” என்று பின்கட்டுக்கு நடந்தார்.

பின்கட்டில் ஒரு சின்ன அறை. ஸ்பிரிட் வாசனை. ஜன்னலோரம் வெள்ளைத் தட்டில் பஞ்சு மெத்தை விரித்து, அதன் மேல் பாவை விளக்கு படுத்திருந்தது. பெண்கள் ஓவென்று கத்திவிட்டு, டீச்சர் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேங்கடம் சார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் திரண்டுவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அறைக்குள் ஓடி வந்த மனுஷனிடம், பதறாதீங்க, நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லத்தான் வாயைத் திறந்தார் பூங்கோதை, ஆனால் சொல்லவில்லை. கொடுமைதான். அவருக்காக வாதாட நான் வரவில்லை. வேங்கடம் சாரும் பிற்பாடு அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை.

பூங்கோதை கையுறை மாட்டிக்கொண்டு பொம்மையை மெல்லத் திருப்பினார். கிளியின் சிறகுக்கு அடியில் ஒரு சின்னக் குழி. வெண்கலத்தை உள்ளேயே அரிக்கிற களிம்பு இது, ஈரம் பட்டால் பரவும், நேற்று சாயங்காலமே முத்திரையை உடைத்துச் சாவியை எடுத்துப் பொம்மையை வெளியே கொண்டுவந்துவிட்டேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார். பச்சை மாவைச் சுரண்டி எடுத்தாயிற்று. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தால் இந்தத் தோளில் கிளி இருந்திருக்காது என்றார்.

பெண்கள் தட்டைச் சுற்றி நின்று பார்த்தார்கள். வேங்கடம் சாரும் பார்த்தார். கொண்டை சரிந்துதான் இருந்தது. மெட்டி ஒரு காலில்தான் இருந்தது. கிளி கழுத்தை நீட்டி அவள் காதருகே மூக்கை வைத்திருந்தது. அவள் உதட்டோரத்தில், கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு வருகிற மாதிரி, ஒரு சின்னச் சிரிப்பு. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, பலகையிலும் இல்லை. தானாகத்தான் கண்ணில் பட்டது. எத்தனை நாளாக அவள் முன்னால் நின்றோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஜெசிந்தா டீச்சர் நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளை நாணய மண்டபத்துக்கு அழைத்துப் போனார். ஒருத்தி மட்டும் நகரவில்லை. டீச்சர் வாசலிலிருந்து முபீனா என்று அதட்டினார்.

“இருக்கட்டும் டீச்சர்” என்றார் வேங்கடம் சார். “பார்த்துட்டு வரட்டும்.”

முபீனா தட்டின் மேல் குனிந்து நின்றாள். பெரியவர்கள் இருவரும் சற்றுத் தள்ளி ஜன்னலோரம் நின்றார்கள்.

“களிம்பு பிடிச்சிருக்குன்னு உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சது?” என்று அவர் கேட்டார். “சிலைகளைச் சோதிக்கிற ரசாயனக்காரர் சென்னையிலேருந்து வர இன்னும் நாள் இருக்கே.”

“நீங்கதான் சொன்னீங்க” என்றார் பூங்கோதை. “சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க.”

வேங்கடம் சாருக்கு நேற்றைய தேநீரும், தன் சிரிப்பும், சிரிக்காத அந்த முகமும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். பூங்கோதை அதை எடுத்து மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்தார்.

“நேத்து ஒண்ணு கேட்டேன் மேடம்” என்றார் அவர். “இன்னிக்குச் சொல்றேன்னீங்க. பிள்ளைகளைப் பார்க்க வைக்கிறது எப்படி?”

பூங்கோதை முபீனா நின்ற பக்கம் திரும்பினார். அவள் இவர்களைக் கவனிக்கவே இல்லை. கிளி சொல்வதைத் தானும் கேட்பவள் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க சார். நீங்கதான் கை தட்டினீங்க.”